கை வைத்துப் பார்த்த வெந்நீர்

கங்கையா வேதாச்சலத்துக்குத் தர வேண்டியது முப்பத்தெட்டாயிரத்து அறுநூறு ரூபாய். ஆடி மாதம் அவன் மனைவி பாப்பாத்தியின் வயிற்றை அறுத்துக் குடலில் இருந்த கட்டியை எடுத்தார்களே, அப்போது வாங்கிய பணம் அது. ஆபரேஷனுக்கும் அதற்குப் பிறகான ஊசி மருந்துக்கும் அரசாங்க அட்டை இருந்தது. ஆனால் அட்டை ரயிலுக்கு டிக்கெட் எடுக்காது. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேருக்குச் சோறு வாங்கித் தராது. வேலைக்குப் போகாத நாளைக்குக் கூலியும் தராது.

வேதாச்சலத்துக்குப் பாகாலாவுக்கு இந்தப் பக்கம், ரயில் பாதையை ஒட்டிக் கரும்பாலை இருந்தது. தீபாவளி முடிந்து அடுப்பு மூட்டினால் பங்குனி வரைக்கும் அணையாது. முன்பணம் வாங்கியவன் அந்தப் பருவம் முழுக்கக் கொப்பரைப் பக்கத்தில் நிற்க வேண்டும். வாரத்துக்குச் சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் கையில் தருவார்கள், மீதியைக் கடைசியில் கழித்துக்கொள்வார்கள். கணக்குத் தீர்கிற அன்றைக்கு அந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. அப்போதுதான் பிடித்த வெல்ல உருண்டை ஒன்றை முதலாளி எடுத்து ஆளின் கையில் வைப்பார். சூடு தாங்காமல் மற்றவர்கள் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். கங்கையா மட்டும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்று, முதலாளியோடு நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவான்.

அவன் கை அப்படி. பாகுக்குப் பதம் பார்ப்பது அவன் வேலை. கரும்புச் சாறு கொதித்துக் கொதித்துச் சுண்டி வரும்போது, விரலைத் தண்ணீரில் நனைத்துக் கொப்பரைக்குள் விட்டு ஒரு கிள்ளு பாகை எடுத்து, மறுபடி தண்ணீரில் போட்டு உருட்டிப் பார்ப்பான். உருண்டால் இறக்கலாம். ஒரு நிமிஷம் முந்தினால் வெல்லம் இளகிப்போகும், பிந்தினால் கறுத்துப்போகும். வாலிபத்தில் தொடங்கியது. முதலில் கொப்புளம் வந்தது, பிறகு காய்த்தது, பிறகு ஒன்றும் இல்லை. அடுப்பிலிருந்து தணலை விரலால் எடுத்து பீடி பற்றவைப்பான். அதே ஆலையில் பாப்பாத்தி உருண்டை பிடிக்கிறவள். இரண்டு கையாலும் வாரி ஒரு அழுத்து, ஒரு திருப்பு, உருண்டை கீழே உட்கார்ந்திருக்கும்.

ஊசி போடத் தொடங்கியது ஆவணியில். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை திருப்பதி. முதல் ஊசி முடிந்து வெளியே வந்த பாப்பாத்தி குழாயடியில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். குடித்தவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உடைந்த கண்ணாடியை விழுங்கினது மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னாள். திரும்பி வருகிற ரயிலில் ஜன்னல் கம்பியைத் தொட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கரண்ட் அடிக்கிறது என்றாள். கங்கையா தொட்டுப் பார்த்தான். கம்பி கம்பியாகத்தான் இருந்தது. ஆனாலும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கம்பியைச் சுற்றிக் கட்டிவிட்டு அவளை உட்காரவைத்தான்.

அடுத்த தடவை போனபோது சிஸ்டர் விவரமாகச் சொன்னார். அவர் நாராயணவனம் பக்கத்துக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். மருந்து கட்டியை மட்டும் தாக்காது, கை கால் நரம்பையும் கொஞ்சம் தாக்கும். அதனால் ஜில்லென்று எதையும் தொடாதே, குடிக்காதே. வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டுக்கொள். தூங்கும்போது சாக்ஸ் போடு. தினமும் பாதத்தை ஒருத்தரைப் பார்க்கச் சொல். வெந்நீர் தொட்டுப் பார்க்கும் வேலை உனக்கு வேண்டாம், வேறு ஒருத்தர் கை வைத்துப் பார்த்த பிறகு நீ தொடு. கங்கையா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். கடைசியாகச் சொன்னதுக்கு மட்டும் வாயைத் திறந்து, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் சிஸ்டர் என்றான்.

மகள் கலைவாணி ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். அங்கேயே பெண்கள் விடுதியில் இருக்கிறாள். அவள் ரோஸ் கலரில் இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் வாங்கி அனுப்பினாள். பாப்பாத்தி அதைப் போட்டு, அதன்மேல் செருப்பையும் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினபோது எதிர்வீட்டுச் செல்லியம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னா பாப்பாத்தி, இஸ்கூலுக்குக் கெளம்பிட்டியா? டிபன் பாக்ஸ் எங்க?"

"நீயும் வாயேன்க்கா, சேந்து போலாம். பெயிலானவ தானே நீயி."

அந்தச் சிரிப்பு ஐப்பசி வரைக்கும் இருந்தது. அதற்குப் பிறகு ஜில்லென்று தொட்டால் கரண்ட் அடிப்பது போய் வேறு ஒன்று வந்தது. முதலில் விரல் நுனி மதமதப்பாக இருந்தது. பிறகு அந்த மதமதப்பு ஊசி இல்லாத நாட்களிலும் போகாமல் அங்கேயே தங்கிவிட்டது. டம்ளர் கையில் இருப்பது தெரியாது. கீழே விழுந்து சத்தம் கேட்டபிறகுதான் தெரியும். அதனால் எதை எடுத்தாலும் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். கண்ணால் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். பேசிக்கொண்டே குடிக்க முடியாது, பார்த்துக்கொண்டே குடிக்க வேண்டும். ரவிக்கைக் கொக்கி மாட்ட வராது. காலையில் ஆலைக்குப் போகும் முன் கங்கையா எதிரே உட்கார்ந்து மாட்டிவிடுவான். அவன் விரல் தடிமனுக்கு அந்தக் கொக்கி எங்கே அகப்படும்? ஒன்று மாட்டுவதற்குள் இரண்டு நழுவும். சேவல் கூவி முடிந்து பால்காரன் போய்விடுவான், இவர்கள் கொக்கி முடிந்திருக்காது. ஒருநாள் கலைவாணிக்குப் போன் போட்டு, நாலு நைட்டி வாங்கி அனுப்பச் சொல்லிவிட்டாள். நைட்டி போட்டுக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்று அதுவரைக்கும் சொன்னவள்.

கார்த்திகையில் ஒரு தடவை திருப்பதி ஸ்டேஷனில் இறங்கிப் படிக்கட்டுவரை வந்த பிறகு கங்கையா குனிந்து பார்த்தான். அவள் ஒரு காலில் செருப்பு இல்லை. ரோஸ் சாக்ஸ் கறுத்து நனைந்திருந்தது. எங்கே விழுந்தது என்று கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. தரையைப் பார்த்தே நடந்து வந்தவள், கூட்டத்தில் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். அவளைத் தூணோரம் உட்காரவைத்துவிட்டுக் கங்கையா பிளாட்பாரம் முழுக்க ஜனங்களின் காலடியில் தேடிக்கொண்டு போனான். செருப்பு கிடைத்தது. நனைந்த சாக்ஸைக் கழற்றிவிட்டுக் காலில் மாட்டும்போது பார்த்தான், இரண்டாவது விரலில் மெட்டியும் இல்லை. அது எங்கே போயிற்றோ, எத்தனை நாள் ஆயிற்றோ. அவன் அதைச் சொல்லவில்லை. அவளும் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

அன்றைக்கு டாக்டர் தெலுங்கில் கேட்டார், கை காலில் திம்மிர்லு உண்டா என்று. மரமரப்பு இருக்கிறதா என்று அர்த்தம். பாப்பாத்தி கொஞ்சமும் தயங்காமல், இல்லை, நன்றாக இருக்கிறது என்று, லேது சார், பாகுந்தி சார் என்றாள். கங்கையா வாயைத் திறக்கப் போனான். அவள் அவன் விலாவில் கிள்ளினாள். எவ்வளவு அழுத்தமாகக் கிள்ளுகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் சட்டையில் ரத்தப் பொட்டு விழுந்தது.

வெளியே வந்து சண்டை போட்டான். ஏன் பொய் சொன்னாய் என்றான். பக்கத்துப் படுக்கையில் ஊசி போட்டுக்கொண்ட மதனப்பல்லிக்காரி ஒருத்தி உண்மையைச் சொன்னதும் மருந்தைக் குறைத்துவிட்டார்களாம். அவள் அழுததைப் பாப்பாத்தி கண்ணால் பார்த்திருந்தாள்.

"சோத்துல பாதி போட்டா வயிறு ரொம்புமா? மருந்த பாதி போட்டா சீக்கு சாவுமா? கலைவாணிக்குக் கல்யாணம் ஆவட்டும்யா. அதுவரிக்கும் இந்தக் கை கால் இல்லாட்டி கூட பரவால்ல எனக்கு."

இன்னும் மிச்சம் இருந்த ஊசிகளை எப்படியாவது முழுசாக வாங்கிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் நினைப்பு. அவனும் அந்த நினைப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். டாக்டர் கேட்டால் வாயை மூடிக்கொள்வது என்று பேச்சாயிற்று. பதிலுக்கு, வீட்டில் அவள் எதையும் தொடக்கூடாது என்று இவன் சொன்னான். சமையல் அவன், துணி அவன், பாத்திரம் அவன். கொப்பரைக்கும் வீட்டுக்கும் ஓடி ஓடி அவன் இளைத்துப்போனான்.

மார்கழி வந்தது. அந்தப் பக்கத்துக் குளிர் அதிகம் என்று சொல்ல முடியாது. ஆனால் பாப்பாத்திக்கு அது எலும்புக்குள் போய் உட்கார்ந்தது. பாதம் மரத்துக் கிடந்தாலும் உள்ளே ஐஸ் வைத்துக் கட்டினது மாதிரி இருக்கிறது என்பாள். மரத்த இடத்தில் எப்படிக் குளிரும் என்று கேட்டால், எனக்கு இன்னா தெரியும், கீது, சொல்றேன் என்பாள்.

ஊசி போட்டு வந்த இரண்டாம் நாள். பொழுது சாயும் நேரத்தில் கங்கையா ஆலையிலிருந்து வந்தான். அவள் கட்டிலில் காலை மடக்கிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. அவன் பேசாமல் போய் அடுப்பில் கரும்புச் சக்கையைப் போட்டு மூட்டி ஒரு குண்டான் தண்ணீர் வைத்தான். கொதித்ததும் அலுமினிய பேசினில் ஊற்றிப் பச்சைத் தண்ணீர் கலந்தான். சிஸ்டர் சொன்னதை மறக்கவில்லை. மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டுப் பார்த்தான். இதமாகத்தான் இருந்தது. அவள் காலை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தான்.

"சூடே இல்லியே. பச்சத் தண்ணி மாதிரி கீது."

அவன் இன்னொரு சொம்பு வெந்நீர் ஊற்றினான். மறுபடியும் கையை விட்டுப் பார்த்தான். இப்போதுதான் கொஞ்சம் வெந்நீர் என்று தெரிந்தது. இருக்கட்டும் என்றான்.

கொஞ்ச நேரத்தில் அவள் முகம் தெளிந்தது. இப்போதான் கொஞ்சம் நல்லா கீது என்றாள். உள்ளே எங்கேயோ, கணுக்காலுக்கு மேலே, ஒரு இதம் ஏறுகிறது என்றாள். அவனுக்கு எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு காரியம் சரியாகச் செய்தது போல் இருந்தது. தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவள் பேசுவதைக் கேட்டான். கலைவாணி போன் பண்ணியதைச் சொன்னாள். பொங்கலுக்கு இரண்டு நாள் லீவு கொடுக்கிறார்களாம். கூட வேலை செய்கிற ஒரு பையனைப் பற்றி, சும்மா சொல்வது போல் இரண்டு தடவை சொன்னாளாம். காளஹஸ்திப் பக்கமாம். அந்தப் பையன் பெயரை ஏன் இரண்டு தடவை சொன்னாய் என்று இவள் கேட்டாளாம், உடனே போனை வைத்துவிட்டாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். தண்ணீர் ஆறிப்போய்விடுமே என்று கங்கையா நடுவில் ஒரு சொம்பு சேர்த்து ஊற்றினான். அதையும் கை வைத்துப் பார்த்துத்தான் ஊற்றினான்.

பிறகு காலை எடுத்து மடியில் வைத்துத் துண்டால் துடைத்தான். துண்டில் தோல் வந்தது.

அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பையன் வீட்டில் மாந்தோப்பு இருக்கிறதாம், பெரிய தோப்பு இல்லையாம். அவன் துண்டை அப்படியே பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தான். பாதம் முழுக்கச் சிவந்து, விரலடியில் தோல் சுருங்கி உரிந்து, வேகவைத்த கிழங்கு மாதிரி இருந்தது. அவன் அசையாததைப் பார்த்து அவள் பேச்சை நிறுத்தினாள். குனிந்து பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"வலிக்கலய்யா," என்றாள். "சத்தியமா வலிக்கல. நீ அழுவாத."

இரண்டு மூன்று நாள் சித்தூரில் கட்டுப் போட்டார்கள். காய்ச்சல் வந்ததும் திருப்பதிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். அவளைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு குச்சியால் குதிகாலிலும் கணுக்காலிலும் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். பாப்பாத்தி முதல் இரண்டுக்கும் தெரிகிறது என்று பொய் சொன்னாள். மூன்றாவது தடவை அவர் தொடாமலே கேட்டார். அதற்கும் தெரிகிறது என்றாள். டாக்டர் குச்சியை வைத்துவிட்டார்.

சிஸ்டர்தான் கட்டுப் போடும்போது கேட்டார், வேறு ஒருத்தரைக் கை வைத்துப் பார்க்கச் சொன்னேனே அம்மா என்று. நானே ஊற்றிக்கொண்டேன், இவருக்குத் தெரியாது என்று பாப்பாத்தி சொன்னாள். கங்கையா உடனே குறுக்கே வந்தான்.

"இல்ல சிஸ்டர். நான்தான் ஊத்துனேன். கைய வச்சிப் பாத்துதான் ஊத்துனேன். ஒவ்வொரு வாட்டியும் பாத்தேன்."

சிஸ்டர் அவன் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை செருப்புத் தோல் மாதிரி இருந்தது. விரல் நுனிகளில் ரேகை இல்லை. என்ன வேலை என்று கேட்டார். சொன்னான். அவர் கொஞ்ச நேரம் அந்தக் கையை விடாமல் வைத்திருந்தார்.

"முழங்கைய வச்சிப் பாக்கச் சொல்லியிருக்கணும்," என்றார். "எனக்குத் தோணல. எல்லார் கையும் ஒண்ணுன்னு நெனச்சிட்டேன்."

புண் ஆறுகிற வரைக்கும் ஊசி கிடையாது என்றாயிற்று. ஆறினாலும் அந்த மருந்து இனிமேல் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். எதற்காக அவ்வளவு பொய் சொன்னாளோ, கிள்ளினாளோ, கண்ணால் பிடித்துப் பிடித்து நடந்தாளோ, அது நடக்கவில்லை. திரும்பி வருகிற ரயிலில் அவன் பழக்கத்தில் ஜன்னல் கம்பியில் துண்டைச் சுற்றினான். வேண்டாம் என்றாள். இப்போது கம்பி குளிர்வது கூடத் தெரியவில்லை என்றாள்.

பொங்கலுக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் ஈரலில் கட்டி வந்திருந்தது. கலைவாணியும் வந்திருந்தாள். டாக்டர் இவர்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்: வெந்நீர்ப் புண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே அது ஈரலுக்குப் பரவியிருக்கிறது, இத்தனை பெரிசாக வளரப் பல மாதம் ஆகும். கங்கையாவுக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அவன் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நைனா, டாக்டர் சொல்றது கேக்குதா என்று கலைவாணி உலுக்கினாள். கேட்கிறது என்றான்.

மறுபடி ஆலைக்குப் போனான். முன்பணம் வாங்கியவன் போகாமல் இருக்க முடியுமா? கொப்பரை கொதித்து வந்தது. விரலை நனைத்துப் பாகில் விட்டான். எடுத்தான், உருட்டினான். உருண்டது. ஆனால் அவனால் அதை நம்ப முடியவில்லை. இன்னொரு தடவை எடுத்தான். பக்கத்தில் இருந்தவர்கள் இறக்கலாமா என்று கேட்டார்கள். இரு என்றான். மறுபடி எடுத்தான். புகை நெடி வந்த பிறகுதான் எல்லோரும் சேர்ந்து இறக்கினார்கள். கொப்பரை முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. சித்தூர் மண்டியில் அந்தச் சரக்கை யார் வாங்குவார்கள்?

வேதாச்சலம் கத்தினார். கண்ணு எங்கடா இருந்துச்சி என்று கேட்டார். இனிமேல் அடுப்புக்குச் சக்கை தள்ளுகிற வேலை கொடுங்கள், பதம் பார்க்கமாட்டேன் என்றான் கங்கையா. அடுப்பு வேலைக்குக் கூலி பாதிதான், கடன் அடுத்த வருஷத்துக்கும் நிற்கும் என்றார் அவர். நிற்கட்டும் என்றான். அன்றிலிருந்து குழிக்குள் குனிந்து சக்கை தள்ளினான். பதம் பார்க்க சுரேஷ்பாபு என்கிற ஆளைப் பங்காருபாளையத்திலிருந்து கூட்டிவந்தார்கள். அவன் ஒரு தடவை விரலை விட்டால் பத்து தடவை ஊதிக்கொள்வான்.

பாப்பாத்திக்கு இந்தச் செய்தியை எதிர்வீட்டுச் செல்லியம்மா சொல்லிவிட்டாள். அப்போது அவள் எழுந்து உட்காரமுடியாத நிலைக்கு வந்திருந்தாள். புண் மட்டும் ஆறிக்கொண்டு வந்தது, வேடிக்கை போல. ஒரு மத்தியானம் அவன் கஞ்சி ஊட்ட வந்தபோது கேட்டாள்.

"கொப்பரைக்கு ஏன்யா போவல?"

அவன் கஞ்சியைக் கிளறினான். கஞ்சி ஆறி ஏடு கட்டியிருந்தது. இப்போதெல்லாம் எதையும் ஆறவிட்டுத்தான் கொடுப்பான்.

"கை மேல கோவமா?"

அவள் கையை நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியல. உனுக்காவது தெரியுதா?"

"தெரியுது."

"பொய் சொல்லாத. கரி நெருப்பயே தூக்கற கை. இதுல நான் புடிச்சாத் தெரியப் போவுதா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "பாத்தாத்தான் புடிச்சிக்கினு கீறோம்னு தெரியுது. கண்ண மூடிக்கினா நான் தனியா கீறேன்யா," என்றாள்.

அவன் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். கன்னத்தில் தெரிந்தது. ஜில்லென்று இருந்தது. எலும்பெல்லாம் தெரிந்தது. இங்க தெரியுது என்றான். அவள் கண்ணை மூடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கொலுசைப் பற்றிச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் உருண்டை பிடித்த கூலியில் சேர்த்து வாங்கிய கொலுசு, கனமான வெள்ளி. கால் புண்ணான அன்றைக்குச் சித்தூரில் கழற்றியது, டிரங்குப் பெட்டியில் கிடந்தது. கடைசி நாட்களில் அதன் சத்தம் காதுக்குக் கேட்டதே தவிர, அது இருப்பது காலுக்குத் தெரியவில்லை. எனக்கு வேண்டாம் என்றாள். வெள்ளி இப்போது நல்ல விலை போகிறதாம், கலைவாணி சொன்னாளாம். அதை விற்று வேதாச்சலத்துக்குக் கொடுத்துவிடு. பற்றாத பாக்கிக்குக் காலைப் பிடித்துக் கேள். கலைவாணிக்கு வைக்க வேண்டாமா என்றான் அவன். அவளிடம் கேட்டாகிவிட்டது என்றாள்.

"அந்த அடுப்புகிட்ட நீ இனிமே நிக்கக்கூடாது. உன் கைக்கும் கொஞ்சம் உணர்ச்சி வரட்டும். நாளைக்குப் பேரப் புள்ளைக்குத் தண்ணி ஊத்த மாட்டியா?"

மாசி மாதம் ஒரு விடியற்காலை அவள் போய்விட்டாள். கலைவாணி தலைமாட்டில் இருந்தாள், அவன் கால்மாட்டில் இருந்தான். பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆறின இடத்தில் புதுத் தோல் ரோஸ் நிறமாக இருந்தது. எப்போது போனாள் என்று அவன் கைக்குத் தெரியவில்லை. கலைவாணி அழுதபோதுதான் தெரிந்தது.

குளிப்பாட்டுவதற்குப் பெண்கள் வாசலில் தடுக்கு மறைத்துத் தண்ணீர் காய்ச்சினார்கள். ஆண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. கங்கையா எழுந்து போனான். தடுக்குக்கு வெளியே நின்று செல்லியம்மாவைக் கூப்பிட்டான்.

"முழங்கைய வச்சிப் பாருக்கா."

மற்ற பெண்கள் அவனைப் பார்த்தார்கள். அவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். செல்லியம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து, அண்டாவுக்குள் முழங்கையை விட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு, "இதமா கீதுப்பா. ஊத்தலாம்," என்றாள். அவன் திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கொலுசை எடுத்துக்கொண்டு சித்தூர் பஜாருக்குப் போனான். கடைக்காரர் நிறுத்து விலை போட்டுக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு நேராக ஆலைக்கு வந்தான். பங்குனி பிறந்திருந்தது. வயல்களில் கரும்பு முடிந்துவிட்டது, கடைசிக் கொப்பரை இறங்கிக்கொண்டிருந்தது. எங்கே பார்த்தாலும் ஈ.

வேதாச்சலம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பணத்தை வாங்கி எண்ணினார். அவன் வேலை செய்த நாட்களுக்கான கூலியைக் கடனில் கழித்தார். கறுத்துப்போன கொப்பரையை நஷ்டத்தில் சேர்ப்பாரா என்று அங்கிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேர்க்கவில்லை. அப்படியும் பாக்கி இருந்தது. கங்கையா குனியப் போனான். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"இன்னாத்துக்குடா? அவ புடிச்ச உருண்டையில எத்தினி வருசம் நான் துன்னுருக்கேன். போவட்டும் வுடு."

கலைவாணி ஸ்ரீ சிட்டிக்குக் கூப்பிடுகிறாள், அங்கே வாட்ச்மேன் வேலை இருக்கிறதாம் என்றான் கங்கையா. போ, நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை, போ என்றார் அவர். சொல்லிவிட்டு எழுந்து, அப்போதுதான் பிடித்துவைத்திருந்த உருண்டைகளில் ஒன்றை எடுத்து வந்தார். சூட்டில் அவர் கையே மாறி மாறித் தவித்தது. கணக்குத் தீர்ந்துபோச்சி, இந்தா என்று நீட்டினார்.

சுரேஷ்பாபு உட்பட எல்லோரும் பார்த்தார்கள். கங்கையா தோளிலிருந்து துண்டை எடுத்தான். இரண்டாக மடித்து, இரண்டு கையிலும் விரித்துப் பிடித்து, அதில் வாங்கிக்கொண்டான்.